என்ஜின் ஜாம், வாரண்டியும் இல்லை என்கிறார்கள்: என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பைக்குக்கு நாலு வயது. எக்ஸ்டெண்டட் வாரண்டி முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. போன வாரம் மேடு ஏறும்போது என்ஜினுக்குள் சுத்தியலால் தட்டுவதுபோல் 'டக் டக்' என்று சத்தம். ஓரம் கட்டுவதற்குள் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. சட்டென்று கிளட்ச்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். கிக்கரை மிதித்தால் கல் மாதிரி நிற்கிறது.

சர்வீஸ் சென்டரில் என் கண்முன்தான் ஆயிலை வடித்தார்கள். அளவு சரியாகவே இருந்தது. ஆனால் மினுமினுவென்று உலோகத் தூள். கனெக்டிங் ராட் (பிஸ்டனை கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைக்கும் கம்பி) பேரிங் போயிருக்கும், கிராங்க் மாற்ற வேண்டிவரும் என்றார்கள். அதுவரை சரி. இரண்டு நாள் கழித்து வாரண்டி கிடையாது என்று ஃபோன். ஒரு சர்வீஸை 600 கி.மீ. தாமதமாக விட்டேனாம், அதனால் 'பராமரிப்புக் குறைபாடு'. அந்த சர்வீஸைச் செய்ததே அவர்கள்தான்! அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுப்பை எழுத்தில் கேட்டால் நழுவுகிறார்கள்.

பில், ஜாப் கார்டு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. வடித்த ஆயிலிலும் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன் (மெக்கானிக் ஒரு மாதிரி பார்த்தார், பரவாயில்லை). என்ஜினைப் பிரிக்க இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இப்படி மறுத்த பிறகும் போராடி வாங்கியவர்கள் யாராவது உண்டா? வெளி மெக்கானிக்கிடம் அறிக்கை வாங்கினால் மதிப்பார்களா? அப்புறம், பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் முடியாது என்றால் பிரித்த கூலி யார் தலையில் விழும்?