மேஜர் (முதன்மைப் பாடம்) மாற்றலாமா? அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

கேள்வி:
அக்கா, அமெரிக்கா வந்து முதல் வருஷம் முடியப் போகிறது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறேன். பிஸிக்ஸில் சி. வகுப்பில் உட்கார்ந்தாலே எரிச்சலாக இருக்கிறது. எல்லோரும் எடுக்க வேண்டிய பொதுப் பாடங்களில் (ஜென் எட்) ஒன்றாக எடுத்த எகனாமிக்ஸ்தான் பிடித்திருக்கிறது. மாறிவிடலாமா? விசாவுக்கு ஏதாவது ஆகுமா? வீட்டில் இன்னும் மூச்சு விடவில்லை.

பதில்:
தம்பி, விசாவை முதலில் பேசி முடித்துவிடுவோம். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு வேறெதையும் யோசிக்க முடியாது. அதே பல்கலைக்கழகம், அதே இளநிலைப் பட்டம் என்றால் மேஜர் மாற்றுவதற்காகப் புது விசா வாங்க வேண்டியதில்லை. உன் ஐ-20-யில், அதாவது விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த படிவத்தில், படிப்பின் பெயரும் அதன் வகையைக் குறிக்கும் சிஐபி கோடு என்ற எண்ணும் இருக்கும். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டிஎஸ்ஓ என்ற அதிகாரி அதை செவிஸ் என்ற அரசின் மாணவர் பதிவேட்டில் திருத்திப் புது ஐ-20 தருவார். ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த ஒரு வரைவு விதி, எஃப்-1 மாணவர்கள் தங்கும் காலத்துக்கு 4 வருஷ உச்சவரம்பு வைக்கவும், முதல் கல்வியாண்டு முடிவதற்குள் படிப்பை மாற்றுவதைத் தடுக்கவும் முன்மொழிந்தது. அதனால் இன்றைய தேதியில் விதி என்ன என்று டிஎஸ்ஓ-விடம் மெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்தி வை. சீனியர் சொன்னார், வாட்ஸ்அப்பில் வந்தது என்பதெல்லாம் இதில் செல்லாது.

சரி, இனி உன் விஷயம். உனக்குப் பிடிக்காதது மெக்கானிக்கலா, அந்த ஒரு பிஸிக்ஸ் வகுப்பா? முதல் வருஷத்தில் மெக்கானிக்கல் என்று பெரிதாக எதுவும் இருக்காது. கால்குலஸ், பிஸிக்ஸ், கெமிஸ்ட்ரி, கொஞ்சம் கோடிங், அவ்வளவுதான். இன்னும் பார்க்காத ஒன்றை வெறுப்பது கஷ்டம். எகனாமிக்ஸும் அப்படித்தான். ஆரம்ப வகுப்பு கதை கேட்பது போலப் போகும். அடுத்து இன்டர்மீடியட் மைக்ரோவில் லக்ராஞ்ச் பெருக்கி என்ற கால்குலஸ் உத்தி வந்து நிற்கும், அதற்கப்புறம் புள்ளியியலை வைத்துப் பொருளாதாரம் பார்க்கும் எகனாமெட்ரிக்ஸ். கணக்குக்குப் பயந்து இன்ஜினியரிங்கிலிருந்து ஓடி வருகிறவர்கள் அங்கே மறுபடி கணக்கிடமே மாட்டிக்கொள்கிறார்கள்.

லைப்ரரிக்குப் போய் இரண்டு மேஜரிலும் மூன்றாம் வருஷத்துக்கு வைத்திருக்கும் புத்தகம் ஒவ்வொன்றை எடு. அத்தியாயத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளை மட்டும் படி. போட்டுப் பார்க்க வேண்டாம், இப்போது உனக்குப் புரியவும் செய்யாது. எந்தப் புத்தகத்தின் கேள்விக்கு விடை என்னவாக இருக்கும் என்று மனசு அரிக்கிறது, அதைக் கவனி. முடிந்தால் அந்த வகுப்புப் பேராசிரியருக்கு மெயில் போட்டு ஒருநாள் கடைசி வரிசையில் உட்கார அனுமதி கேள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

மாறுவதே தோல்வி என்று நினைக்காதே. 2011-12-ல் கல்லூரி சேர்ந்தவர்களைப் பற்றி அமெரிக்காவின் தேசியக் கல்விப் புள்ளியியல் மையம் 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இளநிலைப் பட்டம் படிப்பவர்களில் சுமார் 33 சதவீதம் பேர் மூன்று வருஷத்துக்குள் மேஜர் மாற்றியிருக்கிறார்கள். கணிதத்தில் தொடங்கியவர்களில் 52 சதவீதம்! என்ன, அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஐ-20 கவலை கிடையாது. கூடுதலாக ஒரு செமஸ்டர் இழுத்தால் அவர்களை விட நமக்குத்தான் செலவு அதிகம்.

அதனால் போர்ட்டலில் டிகிரி ஆடிட் பக்கத்துக்கு, அதாவது பட்டத்துக்கு எவ்வளவு முடித்திருக்கிறாய் என்று காட்டும் பக்கத்துக்குப் போ. நிறைய இடங்களில் அதிலேயே 'வாட் இஃப்' என்று ஒரு வசதி இருக்கும். எகனாமிக்ஸைத் தேர்ந்தெடுத்தால், நீ முடித்த பாடங்களில் எவை அந்தப் பட்டத்துக்குச் சேரும், எவை சும்மா எலெக்டிவாக (விருப்பப் பாடமாக) தொங்கும் என்று வரி வரியாகக் காட்டும். உதாரணத்துக்கு, 120 கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு) பட்டம், நீ 30 முடித்திருக்கிறாய், அதில் 24 தேறுகிறது என்றால் மீதி 96. ஆறு செமஸ்டரில் 16, 16 ஆக முடித்துவிடலாம், தாமதமே இல்லை. இதே மாற்றத்தை மூன்றாம் வருஷத்தில் செய்தால் கணக்கு உதைக்கும். முடித்தது போச்சே என்று அழுவதை விட மீதி எவ்வளவு என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ப்ரீரெக்விசிட் (முன்கூட்டி முடிக்க வேண்டிய பாடங்கள்) வரிசையையும் பார். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று நாலு பாடம் சங்கிலியாக நின்றால், கிரெடிட் குறைவாக இருந்தாலும் நாலு செமஸ்டர் ஆகும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். வெறுப்பில் நடுராத்திரி போர்ட்டலைத் திறந்து பிஸிக்ஸை டிராப் செய்துவிடாதே. இளநிலை எஃப்-1 மாணவர் செமஸ்டருக்கு 12 கிரெடிட்டாவது படிக்க வேண்டும். டிஎஸ்ஓ-வின் முன் அனுமதி இல்லாமல் அதற்குக் கீழே இறங்கினால் சட்டப்படி மாணவராகத் தங்கும் ஸ்டேட்டஸே போகும். அப்புறம், மேஜர் மாறியதால் படிப்பு நீண்டால், ஐ-20 தேதி முடிவதற்கு முன்பே கேட்டு நீட்டிக்கலாம். விதியிலேயே மேஜர் மாற்றத்தை ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மார்க் சரிந்து புரொபேஷனில் (மார்க் குறைந்தவர்களுக்கான எச்சரிக்கை நிலையில்) விழுந்ததால் வந்த தாமதம் அந்தக் கணக்கில் வராது. மாறுவதென்றால் ஜிபிஏ (கிரேடு சராசரி) உயிரோடு இருக்கும்போதே மாறு.

கேள்வி:
ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணிதம்) படிப்பு இல்லாவிட்டால் ஓபிடி, அதாவது படித்து முடித்து இங்கே வேலை பார்க்கத் தரும் காலம், குறையுமே அக்கா? அப்பா முதலில் அதைத்தான் கேட்பார்.

பதில்:
நியாயமான கேள்வி. எல்லோருக்கும் 12 மாதம், ஸ்டெம் பட்டத்துக்கு மேலும் 24 மாதம். ஆனால் அதை முடிவு செய்வது பட்டத்தின் பெயர் அல்ல, சிஐபி கோடு. பொதுவான எகனாமிக்ஸ் 45.0601, அது ஸ்டெம் பட்டியலில் இல்லை. எகனாமெட்ரிக்ஸ் அண்ட் குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸ் 45.0603, அது உண்டு. உன் டிபார்ட்மென்ட் எந்தக் கோடில் பட்டம் தருகிறது என்று கேள், சில இடங்களில் இரண்டு வழியும் இருக்கும். அதற்காக ஸ்டெம் பட்டியலை மட்டும் பார்த்து மேஜர் எடுக்காதே. பிடிக்காத பாடத்தில் 2.3 ஜிபிஏ வைத்துக்கொண்டு மூன்று வருஷ ஓபிடி இருந்தும் இன்டர்வியூ வரவில்லை என்றால் என்ன பிரயோசனம்?

இன்னொருவர்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஊரில் பேங்க் லோன் எடுத்திருந்தால், படிப்பின் பெயரோ முடியும் தேதியோ மாறினதும் புது ஐ-20-யின் நகலை அனுப்பிவிடு, தம்பி. அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கேட்கும்போது பழைய பேப்பரும் புதுப் பேப்பரும் ஒத்துப்போகாமல் இழுத்தடிப்பார்கள்.

பதில்:
ஆமாம், நல்ல விஷயம். தம்பி, வீட்டில் சொல்லும்போது "பிடிக்கவில்லை" என்று ஆரம்பிக்காதே. கவுன்சிலிங்கில் எடுத்த கோர்ஸோடு நாலு வருஷம் ஓட்டியவர்கள் அவர்கள், இங்கே இருக்கும் வழக்கம் தெரியாது. வாட் இஃப் ரிப்போர்ட்டை அனுப்பு, முடியும் தேதி மாறவில்லை என்று காட்டு, அப்புறம் போன் போடு. அட்வைசரை ஃபால் (இலையுதிர்கால) செமஸ்டர் ரெஜிஸ்ட்ரேஷன் திறப்பதற்குள் பார்த்துவிடு. அதுவரை கால்குலஸ் 2-ஐக் கைவிடாதே, குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸ் பக்கம் போனால் அது கட்டாயம் கேட்கும்.