நீர் நெருக்கடி அறிவிப்பு: உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

முதலில் நானே ஆரம்பிக்கிறேன். ஒரு வட்டார நீர் வாரியத்தில் ஏழு வருடம் நீர் இருப்புக் கணக்குப் பார்த்தவன் நான். வாரியத்தின் பெயர் வேண்டாம். அணையின் நீர்மட்ட அளவுகோலில் பார்த்த எண் தினமும் காலையில் என் மேசைக்கு வரும். நீர்வரத்தைக் கூட்டி, திறந்துவிட்டதையும் ஆவியாய்ப் போனதையும் கழித்து ஒரு வரி எழுதி மேலே அனுப்புவேன்.

வெளியே எல்லோரும் கேட்பது 'அணையில் எத்தனை சதவீதம்?' என்றுதான். நெருக்கடி என்று அறிவித்து மக்களைச் செலவைக் குறைக்கச் சொல்வதா என்று முடிவெடுக்கும் வாரியக் கூட்டத்தில் கேட்பது வேறு: அடுத்த மழை வரைக்கும் தாங்குமா? பாதி அணை நிறைந்திருந்தும் வயிற்றில் புளியைக் கரைத்த வருடம் உண்டு. கால் அணைதான் என்றாலும் மழை வாசலில் நின்றதால் நிம்மதியாகத் தூங்கிய வருடமும் உண்டு.

அந்தச் சதவீதத்திலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. எங்கள் தலைவர் ஒருமுறை அணைக்கே வந்து, "அதோ, அவ்வளவு தண்ணீர் கிடக்கிறதே" என்று கையை நீட்டினார். மதகு இயக்குபவர் ஒன்றும் பேசவில்லை. அடியிலிருந்து ஒரு பாட்டிலில் மொண்டு கைப்பிடிச் சுவரில் வைத்தார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பாட்டிலில் இரண்டு விரல்கடைக்குச் சேறு. 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் குழாய்களை அடைக்கும் நாளுக்கு அவர்கள் குறித்த கோடு பூஜ்யம் அல்ல, 13.5 சதவீதம். அடியில் கிடக்கும் கடைசி 10 சதவீதத்தை எடுப்பது பெரும்பாடு என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் அறிவிப்பைத் தள்ளிப்போடுவது. 'இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்' என்ற பேச்சை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! வழக்கமான செலவில் 100 நாளுக்குத் தண்ணீர் இருக்கிறது, மழைக்கு 120 நாள் என்று வையுங்கள். இன்றே அறிவித்தால் சுமார் 17 சதவீதம் குறைத்தால் போதும். 40 நாள் யோசித்தால் 25 சதவீதம். 70 நாள் யோசித்தால் 40 சதவீதம். இந்தக் கணக்கை நான் பலகையிலேயே போட்டுக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குப் போனது. அறிவித்த கையோடு மழை கொட்டிவிட்டால் சிரிப்பார்களே என்ற பயம்தான், வேறென்ன.

இன்னோர் உறுப்பினர்:
நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன், பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில். கலிபோர்னியா சட்டப்படி இப்படி ஒரு கூட்டம் நடத்தாமல் நெருக்கடியை அறிவிக்க முடியாது. ஏழு நாள் முன்னதாகவே அறிவிப்பும் கொடுக்க வேண்டும். அணையோ பம்போ குழாயோ உடைந்து உடனடி நெருக்கடி வந்தால் மட்டும் கூட்டம் தேவையில்லை. குடிக்க, துப்புரவுக்கு, தீயணைக்கத் தண்ணீர் போதாமல் போகும் அளவுக்கு இருப்பு கரைந்துவிடுமா என்பதுதான் அங்கே அளவுகோல். புல்வெளி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நான் போன கூட்டத்தில் முக்கால் மணி நேரம் ஓடியது புல்வெளிப் பேச்சுதான். கடைசியில் ஒரு அம்மா எழுந்து, "எங்களைக் குறைக்கச் சொல்கிறீர்கள், புது இணைப்பு மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்களே?" என்றார். நெருக்கடி அறிவித்துவிட்டால் புது இணைப்பை மறுக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. மேடையில் இருந்தவர்கள் தாளைப் புரட்டினார்கள்.

மூன்றாமவர்:
இந்தத் தயக்கத்துக்கெல்லாம் இடமே வைக்காத முறையும் இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் அணைத் தேக்கமான மீட் ஏரிக்கு, வரும் ஜனவரி 1 அன்று நீர்மட்டம் 1,075 அடியோ அதற்குக் கீழோ இருக்கும் என்று ஆகஸ்ட் மாதக் கணிப்பு சொன்னால் பற்றாக்குறை என்று முன்பே எழுதி வைத்திருந்தார்கள். 2021 ஆகஸ்டில் முதல் தடவையாக அப்படி அறிவித்தார்கள். யாரும் நெஞ்சைத் தைரியப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

மறுபடி நான்:
சரிதான், ஆனால் அப்போது சண்டை கணிப்பின் மேல் திரும்பும். வரத்து எண்ணை 'கொஞ்சம் நல்லபடியாக' எழுதச் சொல்லி எனக்கே தொலைபேசி வந்திருக்கிறது. எழுதவில்லை.

எங்கள் கதையின் முடிவையும் கேளுங்கள். ஒருவழியாக அறிவித்தோம். நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அன்று முழுக்கத் தொலைபேசி ஓயவில்லை, பாதிப் பேர் கிண்டல், மீதிப் பேர் திட்டு. காய்ந்து கிடந்த மண் அத்தனையையும் குடித்துவிட்டது. மறுநாள் காலையில் அளவுகோல் எண் வந்தது. முந்தின நாள் எண்ணேதான்.