லாரி ஸ்டேஷன்ல நிக்குது, எப்ப விடுவாங்க? அவசர உதவி

செல்வா_லோடு
நேத்து ராத்திரி பைபாஸ்ல நம்ம வண்டியும் ஒரு பைக்கும் மோதி, பைக்ல வந்தவர் ஸ்பாட்லயே இறந்துட்டார். வண்டியை ஸ்டேஷன் வாசல்ல போட்டு சாவியை வாங்கிட்டாங்க. கோர்ட்டுக்குப் போனாத்தான் கிடைக்கும்ங்கறார் ஏட்டு. லோடு வேற உள்ள இருக்கு. தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க.

கோவை_மணி
எந்த மாவட்டம்? எஃப்.ஐ.ஆர்.ல என்ன செக்ஷன்? இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட் கரண்ட்ல இருக்கா? பிரேக் இன்ஸ்பெக்டர் (ஆர்.டி.ஓ. ஆபீஸ் மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்த்தாச்சா? டிரைவர் எங்க?

சேம்பர்_பாபு
செக்ஷன் அப்புறம். முதல்ல பேட்டரியைப் பாருங்க. ஹசார்டு லைட்டை அணைக்காம விட்டிருந்தா இந்நேரம் டவுன் ஆகியிருக்கும். இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா பிரேக்குக்கான ஏர் டேங்க்ல ஏர் ஏறாது. ஏர் இல்லன்னா ஸ்பிரிங் பிரேக் லாக் ஆகி வண்டி நகராது, ஃபுட் பிரேக்கை டெஸ்ட் பண்ணவும் முடியாது. "பரிசோதிக்க இயலவில்லை"ன்னு எழுதிட்டுப் போயிட்டா மறுபடி தேதி வாங்கணும். ஸ்டேஷன்ல சொல்லிட்டு ஒரு நல்ல பேட்டரியும் ஜம்பர் ஒயரும் கொண்டு போங்க. கேஜ்ல 7, 8 பார் நிக்கட்டும். டயர் மாத்தறது, உடைஞ்ச லைட்டை மாத்தறது எதுவும் கூடாது. விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணம் இல்லைன்னு ரிப்போர்ட் வரணும், அதுதான் எல்லாத்துக்கும் மூலம்.

பெஞ்ச்_கிளார்க்
இந்தக் கேள்வி இங்க மாசம் ரெண்டு தடவை வருது. மேல தேடுற பெட்டி சும்மா வைக்கல. இருந்தாலும் சொல்றேன். மரணம்னா பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த சட்டம்) 281 தாறுமாறா ஓட்டினது, 106(1) கவனக்குறைவால மரணம். ஜாமீன் உள்ள பிரிவு, டிரைவரை ஸ்டேஷன்லயே ஜாமீன்ல விடலாம். பழைய ஐ.பி.சி. 304ஏ-வுக்கு 2 வருஷம்தான், இதுக்கு 5 வருஷம் வரை. வண்டிக்கு: படிவம் 95 (கைப்பற்றின பொருள் பட்டியல்) போட்டு கோர்ட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா மாஜிஸ்திரேட் முன்னாடி பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலா வந்தது) 497, 503-ல வண்டியைத் திருப்பிக் கேட்டு மனு. ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட், எஃப்.ஐ.ஆர். நகல், ரெண்டு ஜாமீன்தாரர். விற்கக் கூடாது, உருவத்தை மாத்தக் கூடாது, கூப்பிட்டப்ப கொண்டுவரணும்னு நிபந்தனை வரும்.

கோவை_மணி
எல்லாத்துக்கும் கோர்ட்டா சார்? மோட்டார் வாகனச் சட்டம் 136-ஐப் படிங்க. பரிசோதனைக்கு எடுத்துட்டுப் போன வண்டியை, வேலை முடிஞ்சு 24 மணி நேரத்துக்குள்ள ஓனர்கிட்ட திருப்பித் தரணும்னு இருக்கு. இன்சூரன்ஸ் கரண்ட்ல இருந்து ரிப்போர்ட்டும் வந்துட்டா, பல ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு விட்டுடறாங்க. இன்சூரன்ஸ் இல்லன்னாதான் நஷ்டஈட்டுக்குப் பிணை கட்டச் சொல்வாங்க.

பெஞ்ச்_கிளார்க்
சட்டப் புத்தகத்துல இருக்கறதும் ஸ்டேஷன்ல நடக்கறதும் ஒண்ணுன்னு நினைக்கறவங்களுக்கு என்ன சொல்ல.

டேப்_முருகன்
ரோட்டை எவ்வளவு நேரம் மூடினாங்க? யாராவது அளந்தாங்களா? பார்வை மகஜர்ல (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதறது) "ரோட்டின் இடது ஓரம்"னு மட்டும் இருந்தா நாளைக்கு நஷ்டஈட்டு டிரிப்யூனல்ல ரெண்டு பக்கமும் இழுப்பாங்க. கி.மீ. கல், லைட் கம்பம்னு நகராத ரெண்டு இடத்துல இருந்து அளவு எடுத்திருக்கணும். பிரேக் மார்க் 20 மீட்டர்னு வைங்க. 254-ஐ ரோட்டு உராய்வு எண்ணாலயும் மீட்டர் நீளத்தாலயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா வேகம் வரும். காருக்குப் போடற 0.7 போட்டா 60 கி.மீ., லோடு லாரிக்கு 0.5 போட்டா 50. அந்த 10 கி.மீ.லதான் கேஸே நிக்கும்.

லண்டன்_பாலா
இங்க மரண விபத்துன்னா மோட்டார்வேயா இருந்தாலும் மணிக்கணக்குல மூடிடுவாங்க. லேசர் ஸ்கேனர் வெச்சு முழு இடத்தையும் பதிவு பண்ணிட்டுத்தான் திறப்பாங்க.

சேம்பர்_பாபு
நம்ம பைபாஸை அப்படி மூடினா பின்னால ஆம்புலன்ஸே நிக்கும். ஏ.பி.எஸ். (சக்கரம் லாக் ஆகாம தடுக்கற பிரேக்) வண்டியில மார்க்கும் ஒழுங்கா விழாது.

டேப்_முருகன்
முழுசா மூட வேண்டாம். ஒரு லேனைத் தடுத்து கோன் வெச்சு, கிரேன் வர்றதுக்குள்ள டயர் நின்ன இடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு நாலு பக்கமும் போட்டோ எடுக்கலாமே. கிரேன் இழுத்த கீறலை பிரேக் மார்க்னு எழுதின மகஜரும் உண்டு.

லண்டன்_பாலா
அதுக்குத்தான் மூடறாங்கன்னு சொல்றேன்.

கோவை_மணி
ரெண்டு பேரும் தனி இழை போடுங்க. செல்வா, லோடு என்ன? இ-வே பில் (சரக்குக்கான ஜி.எஸ்.டி. மின்சீட்டு) இருந்தா வேற வண்டியில மாத்தறப்ப, வண்டி விவரம் வர்ற பார்ட் பி-ல புது நம்பர் ஏத்தணும். பில் காலாவதி ஆகற நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோதான் நீட்டிக்க முடியும். டேஷ்கேம் இருக்கா? இருந்தா கார்டைக் கழட்டி மகஜர்ல எழுதவெச்சு ஐ.ஓ.கிட்ட (விசாரணை அதிகாரி) கொடுங்க. கேமரா ஓடிட்டே இருந்தா பழசு அழிஞ்சிடும்.

செல்வா_லோடு
சாரி, அலைச்சல். டைல்ஸ் லோடு, மாத்தியாச்சு. டிரைவருக்கு ஜாமீன் ஆச்சு. இன்ஸ்பெக்டர் பார்த்துட்டார், பிரேக் சரியா இருக்குன்னு எழுதினார். பேட்டரி யோசனைக்கு நன்றிண்ணே. இன்சூரன்ஸ் இருக்கு. ஆர்.சி. மட்டும் பழைய ஓனர் பேர்ல இருக்கு, ஓனர் பேர் மாத்தற 29, 30 ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி வெச்சிருக்கேன்.

பெஞ்ச்_கிளார்க்
இதை முதல் வரியில எழுதியிருக்கணும்! கையெழுத்துப் போட்ட ஃபார்ம் பீரோவுல இருந்தா நீங்க ஓனர் ஆயிட மாட்டீங்க. 2018-ல நவீன் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, ஆர்.சி.ல யார் பேரோ அவர்தான் ஓனர், நஷ்டஈடும் அவர் தலையில. ஸ்டேஷனோ கோர்ட்டோ, அவர் வந்து கையெழுத்துப் போடணும்.

கோவை_மணி
இதுல கிளார்க் சார் சொல்றது சரி. பழைய ஓனரை ஆதாரோட கூட்டிட்டுப் போங்க. ஃபைனான்ஸ் இருந்தா அவங்க தடையில்லாக் கடிதமும் கையில இருக்கட்டும்.

செல்வா_லோடு
வண்டி வந்துடுச்சு. அவர் வந்து கையெழுத்துப் போட்டார். எல்லாருக்கும் நன்றி.

கோவை_மணி
நல்லது. ஸ்டேஷன்லயே விட்டாங்களா, கோர்ட் ஆர்டரா?

பெஞ்ச்_கிளார்க்
கோர்ட்டாத்தான் இருக்கும்.

டேப்_முருகன்
மகஜர் நகல் வாங்கினீங்களா?