முதலாளி மகனும் ஃபிட்டரும்: மேடையில் நட்பும் தெரியணும், ஏற்றத்தாழ்வும் தெரியணும்

ஒத்திகைக்கூடம்:
40 நிமிட நாடகம், இரண்டே பாத்திரங்கள். ஒருவன் மில் முதலாளியின் மகன், மற்றவன் அதே மில்லில் ஃபிட்டர். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதம். நெருக்கமாக நடிக்கச் சொன்னால் யார் முதலாளி என்பதே தெரிவதில்லை. இடைவெளியைக் காட்டச் சொன்னால் ஃபிட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், நட்பு காணாமல் போகிறது. மேடையில் ஒரு நாற்காலி, ஒரு டேபிள் ஃபேன், அவ்வளவுதான். எங்கே ஆரம்பித்துச் சரிசெய்வது?

பக்கத்திரை:
அந்தஸ்து வேறு, அந்த நிமிஷத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது வேறு. தனியாக இருக்கும்போது ஃபிட்டர் கை ஓங்கட்டும். அவன் ஃபேனைக் கழற்றட்டும். முதலாளி மகன் டார்ச் பிடித்து, "ஆட்டாம பிடிடா" என்று திட்டு வாங்கட்டும். இதற்கு 3 நிமிடம் கொடுங்கள். "சின்ன வயசுல நாம..." என்று ஒரு வரிகூடத் தேவைப்படாது.

பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல், "தம்பி!" என்று கூப்பிடுகிறது. ஃபிட்டர் சட்டென்று எழுகிறான், அடுத்த வாக்கியத்தில் "டா" போய் "சார்" வந்துவிடுகிறது. மற்றவன் அதைக் கவனிக்கவே கூடாது. கவனித்து வருந்தினால் காட்சி பிரசாரமாகிவிடும். இந்தக் குரல் நாடகம் முழுக்க இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம், மூன்றாவதில் சிரிப்பு வரும்.

மூன்றாம்மணி:
முதலில் நாற்காலியைத் தூக்குங்கள். ஒற்றை நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவன்தான் முதலாளி, எந்த நடிப்பும் அதை மாற்றாது. 4 அடி பெஞ்சு போடுங்கள். குரல் கேட்டு ஒருவன் எழுந்ததும் பக்கத்துக் காலியிடம் கண்ணில் படும்.

பணம் கைமாறும் காட்சி இருக்கிறதா? இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். கடன் கேட்பதைவிட, கேட்காமலே கொடுப்பதுதான் உறுத்தும். துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்த பிறகு கர்ணனால் கணக்குப் பார்க்காமல் நண்பனாக இருக்க முடிந்ததா? ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1940-இல் பின்லாந்தில் எழுதிய பூன்டிலா நாடகத்தில், பண்ணையார் குடித்தால் டிரைவரோடு உறவு கொண்டாடுவார், போதை தெளிந்தால் அதே ஆளை அதட்டுவார். எப்போது நண்பன், எப்போது வேலைக்காரன் என்பதை ஒரே ஆள்தான் முடிவு செய்கிறார். அதற்காக உங்கள் முதலாளி மகனை வில்லனாக்க வேண்டாம். நல்லவன், ஆனால் இந்த வித்தியாசத்தை மறக்க அவனால் முடிகிறது, ஃபிட்டரால் முடியாது.

நூல்கண்டு:
டார்ச் யோசனை நல்லது, ஆனால் ஒரு சிக்கல். இருவரும் ஃபேனுக்கு மேல் குனிந்தால் முகமும் போகும், குரலும் போகும். ஃபேனைப் பெஞ்சின் நடுவில் வைத்து ஆளுக்கொரு முனையில், பாதி திரும்பி உட்காரட்டும். ஸ்க்ரூக்களை முன்கூட்டியே தளர்த்தி வைத்துவிடுங்கள், இறுகிப்போனால் வசனம் அங்கேயே நிற்கும்.

உடையில் கிழிசல் வேண்டாம், அது பிச்சைக்கார வேஷம். ஒரே மாதிரி பருத்திச் சட்டை இரண்டு வாங்குங்கள். ஒன்றைப் பல தடவை துவைத்து, காலரையும் கைப்பட்டியையும் உப்புத்தாளால் தேய்த்து, டீத்தண்ணீரில் ஊறப்போடுங்கள். பாலியஸ்டர் கலந்திருந்தால் நிறம் சரியாகப் பிடிக்காது. செருப்பும் ஷூவும் முதல் ஒத்திகையிலேயே காலில் இருக்கட்டும், நடை அதில்தான் மாறும்.

ஒத்திகைக்கூடம்:
நாற்காலி போய்விட்டது. அந்தக் குரலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் விடலாமா?

பக்கத்திரை:
வேண்டாம். பார்வையாளர்கள் சிரித்து முடிக்கும்வரை பதிவு காத்திருக்காது. சைடு விங்கில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், ஆளை நிறுத்துங்கள். "தம்பி" முடிவதற்குள் ஃபிட்டர் எழுந்திருக்க வேண்டும். ஒரு விநாடி தாமதித்தாலும் யோசித்து எழுந்ததாகத் தெரியும்.