350 எஞ்சினுக்கு எந்த சிலிண்டர் ஹெட் பொருந்தும்?

கேள்வி:
என் 1972 செவ்ரோலே கமாரோ காரின் 350 (கன அங்குல) எஞ்சினைப் பிரித்திருக்கிறேன். பிஸ்டன்கள் தட்டையானவை, கேம் லிஃப்ட் (கேம்ஷாஃப்ட் வால்வைத் திறக்கும் உயரம்) 0.450 அங்குலம், சாலையில் மட்டும் ஓடும் இந்த வண்டி 5500 ஆர்பிஎம்மைத் தாண்டப் போவதில்லை. இதற்கு 210 சிசி இன்டேக் போர்ட் (காற்றும் எரிபொருளும் உள்ளே வரும் வழி) கொண்ட அலுமினிய ஹெட் (சிலிண்டர்களின் மேல் பூட்டும், வால்வுகள் உள்ள மூடி) வாங்கலாமா?

பதில் 1:
வேண்டாம். போர்ட் பெரிதானால் குறைந்த சுழற்சியில் காற்றின் வேகம் தளர்ந்து, சிக்னலிலிருந்து கிளம்பும்போது தேவைப்படும் டார்க் (முறுக்குவிசை) குறைந்துவிடும் என்பதால், 170 முதல் 180 சிசி வரை உங்களுக்குப் போதும். உச்சக் குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்கி நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

பதில் 2:
செலவு முக்கியமென்றால், 1996 முதல் வந்த செவ்ரோலேயின் வோர்டெக் இரும்பு ஹெட்டைப் பாருங்கள். போர்ட் ஏறத்தாழ 170 சிசி, எரியறை (ஹெட்டில் எரிபொருள் எரியும் குழிவு) 64 சிசி. ஆனால் பழைய இன்டேக் மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து போர்ட்டுகளுக்குச் செல்லும் குழாய்த்தொகுதி) அதில் பொருந்தாது. போல்ட் அமைப்பே வேறு. உங்கள் கேமின் லிஃப்ட்டும் இந்த ஹெட் தாங்கும் எல்லையை ஒட்டியே வருகிறது. ஆகவே ரிடெய்னருக்கும் (வால்வ் ஸ்பிரிங்கின் மேல் தட்டு) வால்வ் சீலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளக்காமல் பூட்டாதீர்கள். பழையதை வாங்கினால் எக்ஸாஸ்ட் வால்வ் அமரும் சீட் அருகே விரிசல் இருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

கேட்டவர்:
நன்றி. பழைய ஹெட்டின் மேல் துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டை கிரீஸ் தடவி ஒட்டி, ப்யூரெட்டால் திரவம் நிரப்பி அளந்தேன். எரியறை 76 சிசி. அதைவிடச் சிறிய எரியறையுள்ள வோர்டெக் மாட்டினால் கம்ப்ரஷன் (கலவை அழுத்தப்படும் அளவு) கூடும், மேனிஃபோல்டையும் சேர்த்தே வாங்குகிறேன்.