பேரரசர் மாரிஸ் வீழ்ந்தது ஒரு குளிர்காலத்தாலா?

கேள்வி

கிழக்கு உரோமைப் பேரரசர் மாரிஸ் (582–602), 591இல் நாடிழந்து வந்த பாரசீக மன்னர் இரண்டாம் குஸ்ருவுக்குப் படை கொடுத்து அரியணையை மீட்டுத் தந்தார். அதற்கு ஈடாகத் தாரா கோட்டையும் ஆர்மீனியாவின் பெரும்பகுதியும் அவர் வசமாயின. அப்படிப்பட்டவரை 602இல் சொந்தப் படையே கவிழ்த்ததற்கு, குளிர்காலத்தைத் தன்யூப் ஆற்றுக்கு வடக்கே கழிக்குமாறு அவர் இட்ட ஆணைதான் காரணம் என்று படித்தேன். ஒரு குளிர்காலத்துக்காகவா இவ்வளவும் நடந்தது?

மறுமொழி 1

குளிர் ஒரு சாக்குத்தான். பகை ஊதியத்தில் தொடங்கியது. 588இல் படைவீரர்களின் ஊதியத்தில் கால் பங்கைக் குறைக்கும் ஆணையோடு கிழக்கு எல்லைக்குச் சென்ற தளபதி பிரிஸ்கஸ் கல்லடி பட்டு ஓட வேண்டியதாயிற்று. பின்னர், தன்யூப் பகுதியை ஆண்ட நாடோடிப் போர்க்குடியினரான அவார்களின் தலைவர் பிடித்து வைத்திருந்த 12,000 கைதிகளை மீட்கப் பணம் தர மாரிஸ் மறுத்ததால் அவர்கள் கொல்லப்பட்டதாகப் பிற்கால வரலாற்றாசிரியர் தியோபனிஸ் எழுதுகிறார். தோழர்களின் உயிருக்கு விலை பேசியவர் என்ற கசப்பு பாசறையில் ஆறவே இல்லை.

மறுமொழி 2

கஞ்சத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது அவருக்கு இழைக்கும் அநீதி. அவருக்கு முன் ஆண்ட இரண்டாம் திபேரியஸ் வாரி இறைத்துவிட்டுப் போன கருவூலத்தைத்தான் அவர் ஏற்றார். 602ஆம் ஆண்டு ஆணையிலும் போர்க்கணக்கு இருந்தது. அவர் பெயரில் வழங்கும் போர்க்கலை நூல், தன்யூபுக்கு வடக்கே வாழ்ந்த ஸ்லாவியரைக் குளிர்காலத்தில் தாக்குவதே நன்று என்கிறது: இலை உதிர்ந்த காட்டில் ஒளிய இடமில்லை, பனியில் காலடித் தடம் காட்டிக்கொடுக்கும், உறைந்த ஆறுகளைக் கடப்பதும் எளிது. ஆனால் வீரர்களோ, குதிரைகள் களைத்துவிட்டன, கொள்ளைப் பொருளோடு வீடு திரும்ப வேண்டும் என்றார்கள். கணக்கு சரி, அதைச் சுமக்க வேண்டியவர்களின் மனநிலையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை என்பதே என் கருத்து.

கேள்வி கேட்டவர்

கலகக்காரர்கள் கேடயத்தின் மீது தூக்கி நிறுத்தித் தலைவராக்கி, பின் பேரரசரான போக்காஸ் நிலைமையைச் சீர்செய்தாரா?

மறுமொழி 2

இல்லை. தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையில் உள்ள கல்சிதோனில் மாரிஸின் கண்முன்னே அவருடைய ஐந்து மகன்களைக் கொன்ற பிறகே அவரைக் கொன்றார்கள். செவிலித்தாய் ஒரு பிள்ளையை மறைத்துத் தன் குழந்தையை நீட்டியபோது, மாரிஸே அதைத் தடுத்ததாக வரலாற்றாசிரியர் தியோபிலாக்ட் குறிப்பிடுகிறார். தமக்கு அரியணை தந்தவருக்காகப் பழிவாங்குவதாகச் சொல்லிக் குஸ்ரு படையெடுத்தார். அந்தப் போர் 628 வரை நீடித்தது. 591இல் கைக்கு வந்த தாரா, போர் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளிலேயே மீண்டும் பாரசீகரிடம் போயிற்று.