பகடை போட்டுப் பாதாளம் வரைகிறவர்கள் உதவுங்கள்

வணக்கம். பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் ஐந்து பேர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் இது. கதை சொல்வது நான், தமிழில்தான். பாதாள அறைகளை முன்கூட்டியே வரைவதில்லை. கதவு திறக்கும்போது இருபது முகப் பகடையை உருட்டி, எந்த எண்ணுக்கு எந்த அறை என்ற அட்டவணையைப் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் வரைவேன். 1979-இல் வந்த ஆட்ட நடத்துநர் கையேட்டின் பின்னிணைப்பிலேயே இந்த முறை உண்டு.

போன வாரம் தொடர்ந்து மூன்று முட்டுச்சந்து விழுந்தது. அப்புறம் சமையலறை, அதை ஒட்டிக் கல்லறை, அதற்கும் கீழே குதிரை லாயம். "மாமா, இவ்வளவு ஆழத்துக்குக் குதிரை எப்படி இறங்கியது?" என்றான் அக்கா பையன். எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

பிறகு இரண்டு ஆறு முகப் பகடைக்கு மாறினேன். கூட்டுத்தொகை 7 வர 36-இல் 6 வாய்ப்பு. 2 வர ஒன்றுதான். அதனால் நடுவில் சாதாரண அறைகளையும் இரு ஓரங்களில் அபூர்வமானவற்றையும் வைத்தேன். இது பரவாயில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்து அறைகளுக்குள் இன்னும் ஒட்டு உறவே இல்லை.

யார், எதற்காகக் கட்டியது என்று முதலில் முடிவு செய்துவிட்டு சிறைக்கு ஒன்று, சுரங்கத்துக்கு ஒன்று எனத் தனித்தனி அட்டவணை போட்டால் சரியாகுமா? முந்தைய அறையைப் பொறுத்து அடுத்த அறைக்கான பகடையில் எண்ணைக் கூட்டிக் குறைப்பவர்கள் இருந்தால், எவ்வளவு என்று சொல்லுங்கள். முட்டுச்சந்து வந்தால் மறுபடி உருட்டுவீர்களா, ரகசியக் கதவு வைப்பீர்களா? உங்கள் அட்டவணையைக் கையால் எழுதிப் படம் எடுத்துப் போட்டாலும் போதும். ஞாயிறு காலைக்குள் கிடைத்தால் அன்றே ஆடிப் பார்த்துவிடுவேன்.